சனிக்கிழமைக் கோயில்

என் மகளுக்குப் பதினேழு வயதாகிறது. முப்பது சொற்களுக்கு மேல் அவள் பேசுவதில்லை. அந்த முப்பதும் தெலுங்கு. நானும் அவள் அப்பாவும் அவளிடம் எங்கள் திருநெல்வேலித் தமிழில்தான் பேசுகிறோம். நாங்கள் சொல்வது அவளுக்கு நன்றாகவே புரியும். ஆனால் அவளுக்குப் பேச்சை வரவழைத்தவர்கள் சிறப்புப் பள்ளியின் தெலுங்கு டீச்சர்கள். அதனால் பதில் அந்த மொழியில்தான் வரும். நீள்ளு, அன்னம், வத்து, பத. தண்ணீர், சோறு, வேண்டாம், போகலாம். இந்த நான்கை வைத்தே ஒரு நாளின் பெரும்பகுதியை ஓட்டிவிடுவோம்.

என் கணவர் செகந்திராபாத்துக்கு அப்பால் ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அதன் குடியிருப்பில்தான் எங்கள் வீடு. காலையில் கம்பெனி பஸ் போனபிறகு எங்கள் தெருவில் குரல் என்று கேட்பது என் மகளுடையது மட்டும்தான். நான் ஒருகாலத்தில் மாதாப்பூரில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் இருந்தேன். மற்றவர்கள் எழுதியதில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. மகளுக்கு எட்டு வயதானபோது, சாதாரணப் பள்ளியில் இனிமேல் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் விடுப்பு எடுக்கிறேன் என்று சொல்லி வந்தேன். திரும்பப் போகவே இல்லை.

ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஜெபம் கூடிவிட்டது. அதற்கு முன்பும் நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், நான்கு தலைமுறையாக. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம், கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுப்போம், சாப்பிடும் முன் கண்ணை மூடுவோம். அதற்கு மேல் கடவுளிடம் எனக்கு வேலை எதுவும் இருந்ததில்லை. இப்போது வேலை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். ஊரிலிருந்து அம்மா ஜெபித்த எண்ணெய் அனுப்புவாள். யார் எந்த ஜெபக்கூட்டம் சொன்னாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். கேட்டது ஒன்றே ஒன்றுதான். இவளைச் சரியாக்கிக் கொடு.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நகரத்தின் எல்லையில் ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். மத்தியான வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கில் ஆட்கள். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் இடுப்பில் முட்டிக்கொண்டே வரிசையில் நின்றாள். எங்கள் முறை வந்தது. அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அவள் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பின்பக்கமாக அழுத்தி, "வெளியே வா! வெளியே வா!" என்று மைக்கில் கத்தினார். அவள் திமிறினாள். தொண்டர்கள் இரண்டு பேர் அவள் காலைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் எட்டி அவருடைய மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். அந்த அலறல் மைக்கில் போய்க் கொட்டகை முழுக்கக் கேட்டது. கூட்டம் அல்லேலூயா என்றது. பிசாசு சத்தம் போடுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். சத்தம் போட்டது பிரசங்கியார்.

என் கணவர் அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவர் தொண்டர்களைத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். ஆட்டோவில் ஏறியபிறகுதான் வாய் திறந்தார்.

"இனிமே எம்பிள்ள தலையில ஒருத்தனும் கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"என்னங்க, அவரு ஊழியக்காரர்..."

"யாரா இருந்தா என்னட்டி? அவ என்ன பாவம் செஞ்சா?"

கூட்டத்தைவிட்டு வரும்போது பின்னால் ஓடிவந்த ஒரு பெண் என் காதில் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. "விசுவாசம் பத்தல சிஸ்டர். நீங்க அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கும். யோசிச்சுப் பாருங்க." நான் யோசித்துப் பார்த்தேன். பிழை தேடும் வேலை பார்த்தவள் அல்லவா? வாரக்கணக்கில் என் வாழ்க்கையைப் பின்னோக்கிப் புரட்டினேன். மாசமாக இருந்தபோது தலைவலிக்குப் போட்ட மாத்திரை. மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசாத ஒரு கோடை விடுமுறை. கல்லூரியில் தோழியைப் பற்றிச் சொன்ன ஒரு பொய். ஒவ்வொன்றுக்கும் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்துபோய் மகளைப் பார்ப்பேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களைக் கண்ணுக்கு எதிரே ஆட்டிக்கொண்டிருப்பாள். எதுவும் மாறியிருக்காது.

செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் கோயில்தான் எங்களுடையது. ஞாயிறு தவறாமல் போய்க்கொண்டிருந்தோம். ஆனால் மகள் வளர வளர அவள் சத்தமும் வளர்ந்தது. ஆறு வயதுப் பிள்ளை பிரசங்கத்தின் நடுவே கை தட்டினால் எல்லாரும் சிரிப்பார்கள். பன்னிரண்டு வயதில் தட்டினால் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்தபிறகு கமிட்டியில் இருக்கும் ஒரு பெரியவர் எங்களிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை, மிகவும் தயங்கித்தான் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க. பாப்பாவ வெளிய வச்சுப் பாத்துக்கிட்டா நல்லாருக்கும். ஸ்பீக்கர்தான் இருக்கே, அங்கயும் கேக்கும்."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் வெளியே ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து ஆராதனையைக் கேட்டேன். பெட்ரோல் வாசனையும் சூடும் அடிக்கும். ஸ்பீக்கரில் "நாம் எழுந்து நிற்போம்" என்று வரும். நானும் எழுந்து நிற்பேன். வாட்ச்மேன் பார்ப்பார். ஒருநாள் அப்படி எழுந்து நின்றபோது, எதற்காக நிற்கிறேன் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு கிளம்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கிளம்பவில்லை. என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் ஒரு காலை கூடுதலாகத் தூங்கக் கிடைத்தது.

இரண்டு வருஷம் போனது. கடவுள்மேல் கோபமா என்று என் தங்கை போனில் கேட்டாள். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். காலையில் மகளுக்குப் பல் தேய்த்து, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றுவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். இடையில் ஒரு சட்டைப் பித்தான் பிடிக்காமல் போனால் மறுபடி முதலிலிருந்து. என் முன்கை இரண்டிலும் பல் தடம் இருக்கும். மே மாதத்திலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவேன். ஜெபம் என்பது நான் செய்ய மறந்துபோன இன்னொரு வேலையாகத்தான் மனதில் கிடந்தது. பழைய துணிகளை எடுத்து அடுக்க வேண்டும் என்று இருக்குமே, அதைப்போல.

அப்போதுதான் அந்த அம்மாவின் போன் வந்தது. எங்கள் கோயிலில் எல்லாரையும் அதட்டும் ஓர் அம்மா. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி தெலுங்கும் கொஞ்சம் உருதும் இருக்கும்.

"ஏம்மா, நீ சும்மாதானே இருக்க சனிக்கிழமை?"

சும்மா என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"கோயில் க்ளீன் பண்றதுக்கு ஆள் இல்லை. என்கூட வர்றவளுக்கு முட்டி ஆபரேஷன். நானும் இன்னொருத்தியும்தான் இருக்கோம், எங்க ரெண்டு பேருக்கும் குனிய வராது. நீ வா."

"ஆன்ட்டி, நான் எப்படி வருவேன்? மகள யாரு பாப்பா?"

"கைக்கு?" என்றார் உருதில், எதற்கு என்று. "அவளையும் கூட்டிட்டு வா."

"அவ சத்தம் போடுவாளே."

"ஹவ், ஆமா, போடட்டும். சனிக்கிழமை கோயில்ல யாரு இருக்கா? சாமி மட்டும்தான். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

பாவம் பார்த்துக் கூப்பிட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். ஜெபிக்க வா என்று கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். அவருக்கு வேண்டியிருந்தது குனியக்கூடிய ஓர் ஆள். அதனால் போனேன்.

லிங்கம்பள்ளியில் லோக்கல் ரயில் ஏறினால் செகந்திராபாத் வரை மகள் அமைதியாக வருவாள். ஒவ்வொரு ஸ்டேஷனின் பெயரையும் ஒலிபெருக்கி சொல்லும்போது உதட்டை அசைப்பாள். அங்கிருந்து ஆட்டோ. முதல் சனிக்கிழமை அவள் கோயிலுக்குள் நுழைந்ததும் நடுவில் நின்று ஒரு கத்துக் கத்தினாள். உயரமான கூரை அதைத் திருப்பிக் கொடுத்தது. அவளுக்கு அது பிடித்துவிட்டது. இன்னும் ஏழெட்டு முறை கத்தினாள். அந்த இரண்டு அம்மாக்களும் பித்தளைச் சிலுவையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு அவளாகவே அடங்கினாள்.

நான் பெருக்கி முடித்துவிட்டுப் பார்த்தபோது அவள் அலமாரியைத் திறந்து பாட்டுப் புத்தகங்களை எடுத்து பெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு ஒரு புத்தகம். விளிம்புக்கும் புத்தகத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. ஒரு பெஞ்சை முடித்ததும் பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாள். கோணலாக இருந்தால் சரிசெய்வாள். இப்படி முப்பது பெஞ்ச். அவளுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த இரண்டு மணி நேரம் அவள் என்னைக் கூப்பிடவில்லை, அடிக்கவில்லை, கடிக்கவில்லை.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கை சும்மா இருந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. முன்வரிசைக்குக் கீழே தரையில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். பழக்கப்படி "இவளை" என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வராமலே தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் யாரோ என் பக்கமாக மின்விசிறியைப் போட்டிருந்தார்கள். மகள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் நான் தூங்கி அவள் பார்த்ததில்லை. "பத," என்றாள். போகலாம் என்று.

அன்று ரயிலில் வரும்போது நெஞ்சில் ஏதோ லேசாக இருந்தது. தூக்கத்தால் வந்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கடுத்ததும் போனோம். சில நாள் நான் பெருக்குவேன், சில நாள் பூ வைப்பேன், முடித்துவிட்டுத் தரையில் உட்காருவேன். தூங்காத நாட்களில் சும்மா இருப்பேன். ஒரு சனிக்கிழமை, அவள் புத்தகம் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷமாக நான் கடவுளிடம் என்ன கேட்டிருக்கிறேன் என்று விளங்கியது. இந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வேறொரு பிள்ளையைக் கொடு என்றுதான் கேட்டிருக்கிறேன். அதே முகம், அதே கண், ஆனால் வேறொருத்தி. இவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறேன். புரியும் பிள்ளை அவள். தமிழில்தான் கேட்டேன்.

வாய்விட்டு அழுதேன். அம்மாக்கள் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். "நக்கோம்மா, நக்கோ," என்றார் டெலிபோன் அம்மா. என்ன வேண்டாம் என்று அவருக்கும் தெரியாது. அந்த அழுகைக்குப் பிறகு நான் அந்த ஜெபத்தைச் செய்யவே இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்யவும் இல்லை. ஆனால் கோயிலில் என்னுடன் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்தது. எதையும் கேட்காமல், எதையும் சரிசெய்யாமல், அவரும் என்னைப்போலவே தரையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதாக இருந்தது. இதை இதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பியது மகளால்தான். தான் வைத்த புத்தகங்கள் என்ன ஆகின்றன என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது போல. ஒரு ஞாயிறு காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்று "பத, பத" என்றாள். மூன்று பேரும் போனோம். உள்ளே கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆட்கள் புத்தகத்தைக் கையில் எடுப்பதைப் பார்த்து முதலில் கொஞ்சம் பதறினாள். அப்புறம் ஓயாமல் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவ அறிக்கைக்குப் பிறகு எல்லாரும் அமைதியாக இருக்கும் இடத்தில் அவள் குரல் கணீரென்று கேட்டது.

"அயிப்போயிந்தா?"

முடிந்துவிட்டதா என்று கேட்கிறாள். வாசலில் காணிக்கைப் பையோடு நின்ற ஒருவர் அவளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "இன்கா அவ்வலேதம்மா," என்றார். இன்னும் முடியவில்லை அம்மா. முன்னால் இருந்த சில பேர் சிரித்தார்கள். அது எனக்குத் தெரிந்த பழைய சிரிப்பு இல்லை. அவர்களுக்கும் அதே கேள்வி இருந்திருக்கும்.

திருவிருந்து நாளில்தான் சிக்கல் வந்தது. எங்கள் சபையில், வகுப்பு முடித்துப் பேராயர் கையால் திடப்படுத்தல் பெற்றவர்களுக்குத்தான் அப்பமும் திராட்சைரசமும் உண்டு. மற்றப் பிள்ளைகள் முன்னால் போய் முழங்கால் போட்டால் போதகர் ஆசீர்வதித்து அனுப்புவார். என் மகள் எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள். போதகர் எனக்கு அப்பம் கொடுத்தார். அவள் கையை நீட்டினாள். அவர் புன்னகை செய்து கையை உயர்த்தி ஆசீர்வதித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"நாக்கேதி?" என்றாள். எனக்கு எங்கே?

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் சத்தமாக, "நாக்கேதி?" என்றாள். பெஞ்சுக்குத் திரும்பும் வழியெல்லாம் கேட்டாள். ரயிலில் கேட்டாள். வீட்டில் சோறு போட்டபோது தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள். என் கணவர் எழுந்து வெளியே போய் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் போதகரிடம் பேசினேன். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் அவருக்கு. நல்ல மனுஷர், ஆனால் எல்லாவற்றுக்கும் கமிட்டியைப் பார்த்துப் பயப்படுபவர்.

"எனக்கும் மனசு கேக்கலக்கா. ஆனா திடப்படுத்தல் வகுப்புன்னு ஒண்ணு இருக்கு. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் சொல்லணும். தான் என்ன வாங்குறோம்னு அவளுக்குப் புரியணும்ல?"

நான் சண்டை போடப் போகவில்லை. சண்டை போட எனக்கு வராது, அன்று அதற்கு மூச்சும் இல்லை. மனதில் இருந்தது அப்படியே வாயில் வந்தது.

"எனக்கே புரியலையே ஐயா. எனக்கு மட்டும் எப்படிக் குடுக்கிய?"

மகள் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்ததை அவர் நின்று பார்த்தார். "நான் கேட்டுப் பாக்கேன்க்கா," என்றார். அவரை மதுரைக்காரர் என்று நினைத்திருந்தேன். அந்தப் 'பாக்கேன்' கேட்டபிறகுதான் எங்கள் பக்கத்துக்காரர் என்று தெரிந்தது.

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்டது என் கணவர். கமிட்டி கூடிய ஒரு ஞாயிறு அவராகவே உள்ளே போய் நின்றிருக்கிறார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் இன்றுவரை சரியாகச் சொல்வதில்லை. "எம்பிள்ள ஒண்ணும் படிச்சு ஒப்பிக்காது, ஆனா வாரவாரம் உங்களுக்குப் புத்தகம் எடுத்து வைக்குதுன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?" என்றார். எங்களை வெளியே உட்காரச் சொன்ன பெரியவர்தான் முதலில் சரி என்றாராம்.

அதற்குப் பிறகு வீட்டில் பயிற்சி தொடங்கியது. வலது உள்ளங்கையை இடது உள்ளங்கைமேல் வைத்து நீட்ட வேண்டும். காத்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு வாயில் போட வேண்டும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் அவள் அப்பா கைகால் கழுவிவிட்டு, சப்பாத்தித் துண்டை வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே நிற்பார். முதல் வாரம் பிடுங்கினாள். இரண்டாவது வாரம் அவர் கையையே நக்கினாள். ஒருநாள் கோபத்தில் தட்டைச் சுவரில் எறிந்தாள். "போட்டும் மக்கா, நாளைக்குப் பாப்போம்," என்று அவர் துண்டுகளைப் பொறுக்குவார். மூன்றாவது மாதம் அவள் கையை நீட்டிக் காத்திருந்தாள்.

தலையில் கை வைப்பதை மட்டும் எதனாலும் பழக்க முடியவில்லை. நான் கூட எண்ணெய் தேய்க்க முடியாது. சீப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். திடப்படுத்தலில் பேராயர் தலையில் கை வைத்துத்தான் ஜெபிப்பார். போதகரிடம் முன்கூட்டியே சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் பேராயரைக் கடித்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

அன்று மற்றப் பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக முழங்கால் போட்டிருந்தார்கள். கடைசியாக என் மகள், அவளுக்கு இரு பக்கமும் நாங்கள். பேராயர் வயதானவர், தெலுங்குக்காரர். எங்களுக்கு எதிரே வந்ததும் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டார். கையை அவள் தலைக்குமேல் காற்றில் உயர்த்தினார். தொடவில்லை. அவள் விறைத்துப்போய் அந்தக் கையைப் பார்த்தாள். என் கணவர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் மெல்ல ஒரு விரலை நீட்டி அவர் மோதிரத்தைத் தொட்டாள்.

"உங்கரம்," என்றாள். அதுவரை அவள் வாயில் நாங்கள் கேட்டிராத சொல்.

"ஔனு, உங்கரம்," என்றார் பேராயர். ஆமாம், மோதிரம். அவள் தொட்டுப் பார்த்து முடியும்வரை நின்றார். பிறகு அப்படியே கையைக் காற்றில் வைத்து ஜெபித்தார். ஜெபத்தின் சொற்கள் எனக்கு நினைவில்லை.

திருவிருந்தில் அவள் கையை நீட்டினாள், வலது மேலே, இடது கீழே. போதகர் அப்பத்தை வைத்தார். அவள் அதை உற்றுப் பார்த்தாள். வாயில் போட்டாள். மென்றாள். பிறகு மறுபடி கையை நீட்டி, "இன்கோட்டி," என்றாள். இன்னொன்று வேண்டுமாம். போதகர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என் கையில் இருந்த அப்பத்தை வாயில் போட்டேன். வாழ்நாளில் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் பசியோடு சாப்பிட்டேன். எனக்கும் இன்னொன்று கேட்கலாம் போல இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை குளியலறையில் தண்ணீர் சூடாக இல்லை என்று அவள் என்னை அறைந்தாள். என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. இதையும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் நான் மேலே சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அவள் மாறவில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது, முதுகு வலிக்கிறது, எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கோயில் தரையில் உட்கார்ந்து கேட்கிறேன். பதில் வராது. ஆனால் கேட்டுவிட்டு எழுந்து நடக்க முடிகிறது. முன்பு அது முடிந்ததில்லை.

சில மாதம் கழித்துப் பெண்கள் ஐக்கியத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சாட்சி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். வியாதி வந்தது, ஜெபித்தோம், போனது, ஸ்தோத்திரம். நான் எழுந்து நின்றேன்.

"எம்மகளுக்குச் சுகமாகல. ஆகாதுன்னு நினைக்கேன். நான் ரொம்பக் களைச்சுப்போயிருக்கேன். ஆனா இப்ப எனக்கு இவதான் வேணும், வேற பிள்ள வேண்டாம். ஆண்டவர் எனக்குச் செஞ்சது அவ்வளவுதான்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. எதற்கு இதைச் சொன்னோம் என்று நினைத்தபடி உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது குஷாய்குடாவிலிருந்து வரும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கணவர் அங்கே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரையும் கோயிலில் பார்த்து வெகுநாளாயிருந்தது.

"அவருக்கு மறதி வந்துருச்சு," என்றார். "வீட்டுல தனியா விட முடியல, இங்க கூட்டிட்டு வந்தா பாதியில எந்திரிச்சுச் சட்டையக் கழட்டுறாரு. எல்லாரும் பாக்குறாங்க. அதான் வர்றதில்ல. இன்னைக்கு என் தங்கச்சிய வச்சிட்டு வந்தேன்." கையிலிருந்த கோப்பையைப் பார்த்தபடி கேட்டார். "சனிக்கிழமை அவரையும் கூட்டிட்டு வரலாமா?"

"வாங்க," என்றேன். "பெருக்குறதுக்கு ஆள் பத்தல."

இப்போது அவர்களும் வருகிறார்கள். அந்தப் பெண்ணின் கணவர் என் மகள் வைத்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கிவிடுகிறார். அவள் "வத்து! வத்து!" என்று கத்துகிறாள். அவர் அவளை யாரோ மேலதிகாரி என்று நினைத்து, "சரி மேடம்," என்கிறார். அதனால் இவளைக் கிழக்குப் பக்கமும் அவரை மேற்குப் பக்கமும் வைத்துக்கொண்டு, நடுவில் நாங்கள் பெருக்குகிறோம்.